நாள் முடிவு

ஆரம்பாக்கம் தாண்டி வண்டியில் நாலு நிமிடம்.
மாநிலம் மாறிவிட்டதென்று போன் உங்களை வரவேற்பதற்குள்
எங்கள் ஊதா விளக்கு தெரிந்துவிடும்.
பெயர்ப்பலகையில் தெலுங்கு பெரிது,
மெனு அட்டையில் தமிழ் பெரிது.
விலை இரண்டிலும் பொடி எழுத்து.

கல்லாவில் நான்.
கல்லா என்றால் ஒரு திரை, ஒரு பிரின்டர்,
மூங்கில் ஸ்டாண்டில் ஒரு க்யூஆர் அட்டை.
இழுப்பறையில் ஏழு ரூபாய் சில்லறை,
மூன்று வாரமாக அதே ஏழு ரூபாய்.

பத்து மணிக்கு அந்தப்பக்கம் ஷட்டர் இறங்கும்.
பத்தேகாலுக்கு இந்தப்பக்கம் பைக் ஏறும்.
இந்தக் கால் மணி நேரத்தைக் காட்டித்தான்
முதலாளி பெஞ்சலய்யா
நாயுடுப்பேட்டை வங்கியில் கடன் வாங்கினார்.

பைக்குகள் இன்னும் வருகின்றன.
இறங்குகிற பையன்கள்தான் வேறு மாதிரி.
அஞ்சு பேர், ரெண்டு பீர்.
"காலைல ஜிம்முக்கா" என்கிறான் ஒருத்தன்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
அவனுக்குச் சோடா, எலுமிச்சை, புதினா: நூற்றெண்பது.
பில்லை அஞ்சாகக் கிழிக்க வேண்டும்,
கடலை சாப்பிடாதவனுக்குக் கடலை கழித்து.

புதினா கிள்ளும்போது தேவசகாயம் முகத்தில்
இழவு வீட்டு அமைதி.
பதினாறு வருஷம் பெக் அளந்த கை.
நான் கணக்குச் சொன்னேன்:
விஸ்கியை முதலில் சர்க்கார் குடிக்கும்,
மிச்சத்தை நாம் நக்குகிறோம்.
புதினாவில் முழுசும் நமக்கு.
"புதினா தண்ணிக்கு எவம்மா டிப்ஸ் வைப்பான்?"
என் திரையில் இல்லாத வரி அது.

அப்புறம் அந்தச் சுவர்.
சூளூர்ப்பேட்டை ஓவியன் வரைந்த பூநாரை இறக்கை,
ரோஸ் நிறத்தில் எரியும்.
நடுவில் நின்றால் உங்கள் முதுகில் முளைத்தது போலிருக்கும்.
நிற்கிறார்கள், கன்னம் குவிக்கிறார்கள்,
படம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.
ஏரிப் பறவை சீசன் முடிந்தால் கிளம்பிவிடும்.
இது வருஷம் முழுக்க நின்று கரன்ட் பில் தின்னும்.

மாடியில் கண்ணாடி போட்ட பாட்டு அறை.
கொரியா மேனேஜர்களுக்காகக் கட்டியது.
ஏழு மாதம் வந்தார்கள், நன்றாகப் பாடினார்கள்.
கம்பெனி உள்ளேயே ஒரு கிளப் திறந்தது.
மைக் ரெண்டும் பிளாஸ்டிக் உறையில் தூங்கின.

சம்பளம் ஏறிய ஒரு புதன்கிழமை,
பதினொன்றரைக்கு, பி ஷிப்ட் பஸ் வாசலில் நின்றது.
டயர் பஞ்சர்.
எட்டுப் பெண்கள்; நெற்றியில்
எலாஸ்டிக் தொப்பியின் கோடு இன்னும் சிவப்பாக.
சிக்கன் நூடுல்ஸ் மூன்று சொன்னார்கள், எட்டுத் தட்டு கேட்டார்கள்.
ஹேமாவதி என்பவள் மேலே பார்த்தாள்.
"அக்கா, அந்த ரூம் மணிக்கு எவ்ளோ?"

யாரும் என்னிடம் விலை கேட்டதில்லை.
திரை சொல்லும், நான் வாசிப்பேன்.
அன்றைக்கு வாய் தானாகச் சொன்னது:
தலைக்கு அம்பது.
முதலாளியைக் கேட்காமல்
புதுசாக ஓர் ஐட்டம் அடித்தேன்.
'பாட்டு ரூம், 400.'

சுருதி? ஒன்றும் இல்லை.
நாள் முழுக்க போன் மூடியைத் திருகி
பேசாமல் இருந்த வாய்கள்
ஒரே நேரத்தில் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி.
கீழே பீர்ப் பையன்கள் அண்ணாந்தார்கள்.
தேவசகாயம் எட்டுப் புதினா அடித்தான்,
மேலே எடுத்துப் போனான்,
இறங்கி வரும்போது அவன் போன் எட்டு முறை அடித்தது.
பத்து, பத்து, இருபது, பத்து.

இப்போது புதன்தோறும் டயர் பஞ்சர் ஆகிறது.
டிரைவர் முனிரத்தினம் எந்த ஆணி என்று சொல்வதில்லை.
பெஞ்சலய்யா மாதக் கணக்கில் அந்த ஐட்டத்தைப் பார்த்தார்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
திரும்பவும் பார்த்தார்.
எனக்குச் சம்பளம் ஏறவில்லை.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மணி பன்னிரண்டு அம்பது.
திரை கேட்கிறது: 'இன்றைய நாளை முடிக்கவா?'
வெளியே தேதி எப்போதோ மாறிவிட்டது.
இங்கே நான் 'ஆம்' அழுத்தினால்தான் வியாழன்.
மேலே அவர்களுக்குப் பதினோரு நிமிடம் பாக்கி.

முனிரத்தினம் வந்து டீ கேட்கிறார்.
டீக்கு எங்களிடம் ஐட்டம் நம்பர் இல்லை.
நாளைக்குச் சேர்க்க வேண்டும்,
நாளை வந்ததும்.