பதினைந்து இலக்கம்

குளச்சல் துறையில் ஏலம் முடிந்திருந்தது.
தக்கலையில் ஏழு குட்டிகளுக்குச் சிப் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போகிற வழியில்
சாளை வாங்க இறங்கினேன்.
பையில் ஸ்கேனர் இருந்தது தற்செயல்.

பெர்னதெத்தின் மீன்கடவத்துக்குப் பக்கத்தில்
படுத்திருந்த நாய் எழுந்த விதம்
என்னை நிறுத்தியது.
முன்கால் இரண்டும் எழுந்துவிட்டன.
பின்கால்கள் வரட்டும் என்று
கொஞ்சநேரம் காத்து நின்றன.

மஞ்சள் லாப்ரடார். காதோரம் உப்பு.
தோள்களுக்கு நடுவில் கருவியை வைத்தேன்.
கீச்சென்றது.
தொள்ளாயிரத்தில் தொடங்கும் பதினைந்து இலக்கம்.

"என்ன சொல்லுது அது?"
"இவ பேரு."
"இவ பேரு கிளாத்தி. நான் வச்சது.
அதுக்கு எப்பிடித் தெரியும்?"

கைப்பேசியில் எண்ணைப் போட, சங்கத்தின் ஏடு திறந்தது.
லேடி கிளமென்டைன் ஆஃப் ரிட்ஜ்வுட்.
குலசேகரம், றப்பர் தோட்டத்து வளர்ப்பகம்.
உரிமையாளர் ஜாண் வேதமணி.
இனப்பெருக்கத்துக்கு ஆகாது.
அதற்குக் கீழே, தேதியோடு: இறந்தது.

இறந்தது
ஒரு சாளைத் தலையை முழுதாக விழுங்கிவிட்டு
என் செருப்பை மோந்தது.

இன்னும் கீழே நாலு தலைமுறை விரிந்தது.
தகப்பன் வழியில் சாம்பியன் ஆல்டன்.
தாய் வழியிலும் சாம்பியன் ஆல்டன்.
தாயைப் பெற்றவளைத் தேடிப் போனால்
அங்கேயும் கால்மேல் கால் போட்டு அவனே.
அந்தப் படிவத்தைச் சரிபார்த்தது நான்தான்.
ஒப்பம் உண்டா, பணம் கட்டியாயிற்றா,
இணைசேர்ந்த தேதியும் ஈன்ற தேதியும் பொருந்துகிறதா.
எல்லாம் பொருந்தியது.

ஏட்டைக் குறை சொல்லவில்லை.
அது இல்லாவிட்டால் மார்த்தாண்டத்தில்
பொமரேனியன் என்று வாங்கிப் போனது
ஆறே மாதத்தில் ஆட்டின் உயரத்துக்கு நிற்கும்.
ஆல்டன் மூன்று தடவை வந்ததை
இன்று எனக்குச் சொன்னதும் ஏடுதான்.
எழுதி வைத்திருந்தோம்.
வாசிக்கவில்லை.

வேதமணியைக் கூப்பிட்டேன்.
"அது செத்துப்போச்சுல்லா," என்றார்.
அவருக்குப் பின்னால் நல்ல ரத்தங்கள் குரைத்தன.
"இடுப்பு எக்ஸ்ரே வந்த அன்னைக்கே
செத்துப்போச்சு."

பெர்னதெத் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"ஒங்க ஆளுவ வந்து கொண்டுட்டுப் போவாவளா?"

மாட்டார்கள்.
செத்ததை உயிரோடிருப்பதாக மாற்றவும்
ஒரு படிவம் உண்டு.
கொன்றவர் அதில் ஒப்பமிடவேண்டும்.

"குட்டி போட்டாளா?"
"ரெண்டு ஈத்து. எல்லாம் ஐஸ் பேக்டரி
கறுப்பனுக்க குட்டிய.
இவளப் போல இல்ல,
நிண்ட எடத்துல நிக்காதுவ."

தகப்பன் என்ற கட்டத்துக்குள்
ஐஸ் பேக்டரி கறுப்பன் என்று
மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் போய்த் தேடினாலும்
அந்தப் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருக்கும்.

வள்ளம் ஒன்று கரைக்கு வந்தது.
கிளாத்தி மணலில் நொண்டி நொண்டிப் போனாள்,
தண்ணீர் வயிற்றைத் தொட்டதும்
நொண்டாமல் போனாள்.

அரைக்கிலோவுக்கு மேலே நாலைந்து சாளையை அள்ளிப் போட்டு
மீதிச் சில்லறை தந்தாள் பெர்னதெத்.
வாங்கக் கை நீட்டும்போது
ஸ்கேனர் தானாக அணைந்தது,
பேட்டரியை மிச்சம் பிடிக்க.