எழுத்துக்கு மூன்று மலோட்டி

எங்கள் நாட்டில் காசுக்கு மலையின் பெயர்.
மலோட்டி என்றால் மலைகள்.
பலகை எழுதும் மொட்லாட்சி
எழுத்துக்கு மூன்று மலை கேட்டான்.

பழைய பலகையில் பதினொரு வரி.
தலைநகரில் யாரோ எழுதித் தந்தது.
‘ஒருங்கிணைந்த’ என்று கிளம்பி
‘முழுமையான மேம்பாட்டை நோக்கி’ என
எங்கோ பனிமூட்டத்தில் தொலைந்துபோகும்.
கடைசி வரிவரை போய்த் திரும்பியவர்
எங்களில் எவருமில்லை.
ஏழாம் வரியில் குளவி கூடு கட்டியிருந்தது.

ஒன்பது குதிரை, ஒன்பது ஆள்,
மருந்து கெடாமலிருக்க பதினான்கு குளிர்ப்பெட்டி.
சங்கம் என்பது இவ்வளவுதான்.
கணக்கெழுதுவது நான்.

அந்தப் பதினொரு வரிக்குள் எல்லாம் அடங்கியது.
அமைச்சரின் துண்டறிக்கை அடங்கியது.
விதை உருளைக்கிழங்கு அடங்கியது.
பனிச்சறுக்கு விடுதிக்காரன் வந்து
பியர்ப் பெட்டிகளை மேலே ஏற்றித் தாருங்கள்,
மும்மடங்கு கூலி என்றபோது
அதற்கும் ஐந்தாம் வரியில்,
‘உள்ளூர்ப் பொருளாதாரம்’ என்ற சொல்லுக்குள்
கால் நீட்டிப் படுக்க இடமிருந்தது.

ஜூலைக் குளிரில் ஒரு செவ்வாய்.
ஏழு குதிரை பியரோடு ஏறிவிட்டது.
மிச்சம் இரண்டும் நொண்டி.
ஹா-லெபோயில் ஒரு பிரசவம், உதிரம் நிற்கவில்லை.
ஊசிமருந்து புதன் மாலை போய்ச் சேர்ந்தது.
அப்போது அது தேவைப்படவில்லை.
குழந்தையின் பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதினேன்.

அதன் பிறகுதான் கூட்டம்.
பெட்டியில் நூற்றெண்பது மலோட்டி;
அறுபது எழுத்துக்கு மேல் பேச வழியில்லை.
பொருளாளர் மாசெச்சாபா
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
காய்கறிக் கடையில் நிற்பதுபோல
ஒவ்வொரு சொல்லையும் கையிலெடுத்துப் பார்த்தார்.
‘நிலையான’, இது போனால் யார் அழுவார்?
யாரும் அழவில்லை. போயிற்று.
‘பங்கேற்பு’ போயிற்று.
‘தரமான’ போனபோது ஹ்லோம்ஃபோ மட்டும்
ஒரே ஒரு அடைமொழியாவது இருக்கட்டுமே என்று
கெஞ்சினான்.
மண்ணெண்ணெய் தீரும்போது மிஞ்சியது இது:

சாலை முடியும் இடத்திலிருந்து
மருந்தை நாங்கள் கொண்டுபோவோம்.

ஐம்பத்தெட்டு எழுத்து, எங்கள் மொழியில்.
முற்றுப்புள்ளிக்கு மொட்லாட்சி காசு வாங்கவில்லை.

விடுதிக்காரன் மறுபடி வந்தான்.
ஹ்லோம்ஃபோ பலகையைக் கைகாட்டினான், அவ்வளவுதான்.
வந்தவன் இரண்டு முறை படித்து
பியர் வைக்க ஒரு மூலை தேடிவிட்டுப் போனான்.
அந்த ஆண்டு இரண்டு குதிரையை விற்றோம்.
ஒருவன் சுரங்க வேலைக்கு எல்லை தாண்டினான்.
சிவப்பு மையில்தான் எழுதியிருக்கிறேன்,
மறைக்க மாட்டேன்.

அப்புறம், ஒருவரும் நினைத்துப் பார்க்காதது:
சாலையே நீண்டுவிட்டது.
அணை கட்ட வந்தவர்கள் பாறையை உடைத்து
பதினெட்டுக் கிலோமீட்டர் தார் போட்டார்கள்.
எங்கள் வாசலில் வேன் வந்து நிற்கிறது.
அலுவலகமோ புதியது. தகரக் கூரை,
குழாயில் தண்ணீர், ரேடியோ தெளிவாகக் கேட்கும்.
இங்கேயே இருந்துவிடலாம் என்றார்கள் நாலு பேர்.
அதில் ஒருவன் நான். முழங்கால் வலி.

மாசெச்சாபா எழுந்து போய்
‘சாலை முடியும்’ என்ற இடத்தில்
விரலை வைத்துக்கொண்டு நின்றார்.
ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

திருகாணி நான்கு. நான்தான் கழற்றினேன்.
துருப்பிடித்த ஒன்று கடைசிவரை அடம்பிடித்தது.
எழுத்து வெளியே தெரியும்படி
குதிரையின் விலாவில் பலகையைக் கட்டினோம்.
தார் முடிந்து கல் தொடங்கியதும்
குதிரை நடையை மாற்றியது.

அங்கே மரம் ஏதுமில்லை.
திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சுவருக்குக் கல் பொறுக்க ஆரம்பித்தோம்.