யூகோஸ்லாவியா, பத்துக் காசு

பள்ளிப் புத்தகக்கடையில்
ஒரு நாடு பத்துக் காசு.
கொடி அச்சடித்த அழிப்பான்.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
அம்மா தந்த ஐம்பது காசில்
நாற்பதுக்கு மீ சூப்.
மிச்சத்துக்கு யூகோஸ்லாவியா.
எங்கே இருக்கிறதென்று தெரியாது,
நடுவில் இருந்த நட்சத்திரத்துக்காக வாங்கினேன்.

விதி இவ்வளவுதான்:
ஓரத்தை விரலால் அழுத்தினால்
உன் நாடு துள்ளும்.
அடுத்தவர் நாட்டின்மேல் ஏறி விழுந்தால்
இரண்டும் உனக்கு.
எதையும் அழிக்க மட்டும் கூடாது,
தேய்ந்த நாட்டுக்கு மதிப்பில்லை.

பிடோக்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
அதில் யாரும் சதுரங்கம் ஆடிப் பார்த்ததில்லை.
ஆறாம் மாடி சுஃப்யான்
பென்சில் பெட்டி நிறைய நாடுகளோடு வருவான்.
அழுத்துமுன் மேசையில் தட்டுவான்:
தும் தக், தக் தும், தக்.
‘செப்பாட்!’ என்று கத்துவேன்,
எனக்குத் தெரிந்த ஆறு மலாய்ச் சொற்களில் ஒன்று.
அவன் அவசரப்படாமல் தட்டி முடிப்பான்.
அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை
என் நட்சத்திரத்தின்மேல் பிரேசில் வந்து உட்கார்ந்தது.

மின்தூக்கி ஐந்தாம் மாடியில்தான் நிற்கும்.
எங்கள் வீடு ஏழு.
இரண்டு மாடி உயரத்துக்கு அழுதேன்.

ஞாயிறு காலை
தரையே அதிர்ந்தது.
கீழே அவன் அக்காவின் கல்யாணம்.
பளபளக்கும் தாள்பூக் கம்பங்கள் இரண்டு,
அண்டாவில் ரெண்டாங் வாசம்,
நடுவில் வரிசையாகக் கொம்பாங் அடிப்பவர்கள்.
வரிசையின் கடைசியில்
பச்சைச் சட்டை, முகத்தை மறைக்கும் கொம்பாங்,
அதற்குப் பின்னால் சுஃப்யான்.
தும் தக், தக் தும், தக்.
எங்கள் கல்மேசைக்கு
இருபத்து நான்கு கைகள் முளைத்திருந்தன.
படிக்கட்டில் நின்றபடி கேட்டேன்.
தோற்றதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.
ஆனால் கால் அதுபாட்டுக்குத் தாளம் போட்டது.

திங்கட்கிழமை கேட்டேன், எப்படி அடிக்கிறாய் என்று.
‘அவங்க அடிக்கிற இடத்துல நான் அடிக்கமாட்டேன்.
அவங்க விடுற இடத்துலதான் அடிப்பேன்.’
சொல்லிக்கொண்டே
என் கனடாவை எடுத்துக்கொண்டான்.

அப்புறம் எங்களுக்குக் குளியலறைக் குழாய் கிடைத்தது.
ஆறாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு
நேராக ஏறும் இரும்புக் குழாய்.
அவன் கரண்டியால் இரண்டு தட்டுவான்.
அவன் விட்ட இடம் தேடி
நான் சோப்புப் பெட்டியால் ஒன்று.
முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் பிந்தினேன்.
இரண்டாம் வாரம்
குழாய் எங்கள் இருவரையும் மறந்து
தானே பேசத் தொடங்கியது.
மூன்றாம் வாரம்
எட்டாம் மாடித் திருமதி கோ புகார் கொடுத்தார்.

தொடக்கநிலை ஆறில்
செய்தியில் சொன்னார்கள், அந்த நாடு இனி இல்லை.
சுஃப்யான் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்:
‘உன் நாடு செத்துப்போச்சு. இப்ப விலை கூட.’
அர்ஜென்டினா, ஜப்பான்,
கொஞ்சம் கிழிந்த ஃபின்லாந்து.
மூன்றையும் கொடுத்து மீட்டேன்.

இறுதித் தேர்வில், கணிதத் தாள்,
பெட்டியில் வேறு அழிப்பான் இல்லை.
பதினான்காம் கேள்வியை
யூகோஸ்லாவியாவால் அழித்தேன்.
நட்சத்திரத்தில் ஒரு முனை போயிற்று.
திருத்தி எழுதிய விடையும் தப்பு.

அவர்கள் தெம்பனிஸுக்கு மாறிப் போனார்கள்.
முகவரி வாங்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பொங்கோல், பதினோராம் மாடி.
இரவில் மேலே யாரோ கோலி உருட்டுகிறார்கள்.
இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கும் சத்தம்தான்.
மேல்வீடு காலி என்கிறார் என் கணவர்,
குழாயில் காற்று என்கிறார், திரும்பிப் படுக்கிறார்.
டொக். டொக்டொக்.
கட்டில் சட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு
அது விடும் இடத்துக்காக
விழித்திருக்கிறேன்.