தையல் விட்ட இடம்

முதலில் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.
காலில் ஆணி குத்திய வாரம் அது.
வலது தொடை மடிப்புக்கு மேலே
எலுமிச்சங்காய் அளவில் ஒன்று.
குளிக்கும்போது கை பட்டது.
வேறு யாரையோ தொட்டுவிட்டதுபோல
கையை எடுத்துக்கொண்டேன்.

புதுவயலில், எங்கள் மில்லில்,
லாரியிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து அட்டிக்கு
நாள் முழுக்க நெல்.
நிமிர்ந்தால் வரும்.
படுத்தால் போய்விடும்.
தானாய்ப் போவதற்கு வைத்தியம் எதற்கு
என்று ஒரு தை போய் மறு தை வந்தது.
அதற்குள் கைலி முடிச்சு
வலப்பக்கம் இடம் மாறியிருந்தது.

"வாயுப் பிடிப்புடா சேவுகா,
மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடி" என்றார்
மேஸ்திரி அடைக்கலம்.
குடித்தேன்.
ஏப்பம் வந்தது.
அது இருந்த இடத்தில் இருந்தது.

காரைக்குடி மருந்துக்கடையில்
திருட்டுச் சாமான் போலத் தாளில் சுற்றி
ஒரு பெல்ட் தந்தார்கள்.
தவிட்டுத் தூசியும் வியர்வையும் சேர்ந்து
இடுப்பைச் சுற்றிப் புண்.
பெல்ட்டுக்கு அடியில்
எலுமிச்சை நார்த்தையாகிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணத்துக்குத் தெரியாது என்றிருந்தேன்.
ஒரு ராத்திரி தும்மினேன்.
"இன்றைக்கு இது ஒன்பதாவது தடவை" என்றாள்.
"எது?"
"நீங்கள் அடிவயிற்றைப் பொத்துவது."

பெரியாஸ்பத்திரி. பதினோராம் அறை.
டாக்டர் சபுரா நிற்கச் சொன்னார்.
"இருமுங்க."
இருமினேன்.
அவர் விரலுக்கடியில் அது எட்டிப் பார்த்தது.
"இன்னொரு தரம்."
சுவரில் கண்தானப் படம் ஒட்டியிருந்தது.
அந்தக் கண்களைப் பார்த்தபடியே இருமினேன்.

குடலிறக்கம்.
வயிற்றுச் சுவர் விட்டுப்போன இடம் வழியே
உள்ளிருப்பது வெளியே தள்ளுகிறது;
மாத்திரையால் மூடாது, பெல்ட்டாலும் மூடாது என்றார்.
மூட்டைக்காரனுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?
தையல் விட்ட சாக்கில் பிதுங்கும் நெல்லை
விரலால் எத்தனை தரம் உள்ளே தள்ளியிருப்பேன்.
தூக்கினால் திரும்ப வரும்.
கடைசியில் கோணி ஊசிதான்.

"ஊசி மட்டுமில்லை, ஒரு வலையும் வைப்போம்."
திறந்து வைப்பது ஒரு வழி:
இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்,
விழித்துக்கொண்டே படுத்திருக்கலாம்.
சிறு துளைகளில் கேமரா விட்டு வைப்பது இன்னொன்று:
முழு மயக்கம்.
தொந்தரவே இல்லாத சிலர்
கண்காணிப்பில் காத்திருப்பதும் உண்டாம்.
என் தோள் காய்ப்பைப் பார்த்தார்.
"நீங்க காத்திருக்கிற ஆள் இல்லை."

பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:
அது உள்ளே போக மறுத்தால்,
கல்லாய் இறுகி வலித்தால்,
தோல் சிவந்தால், கறுத்தால், வாந்தி வந்தால்
கொடுத்த தேதிக்குக் காத்திருக்காதீங்க.
நடுச்சாமமானாலும் வந்துடுங்க.
மாட்டிக்கொண்ட குடல்
சில மணி நேரத்தில் செத்துப்போகும்.

பீடியையும் விடச் சொன்னார்.
இருமச் சொன்னவரே
இருமக் கூடாது என்றார்.

காப்பீட்டு அட்டை இருந்தது.
ஆறு வாரக் கூலிக்கு எந்த அட்டையும் இல்லை.
இரண்டு கிடாய்கள் சந்தைக்குப் போயின.

மரத்த கால்களோடு படுத்திருந்தபோது
என் கட்டைவிரலைப் பார்த்து அசையச் சொன்னேன்.
வேறொருவன் பேச்சைக் கேட்பதுபோல
சும்மா இருந்தது.
சிரிப்பு வந்தது. "சிரிக்காதீங்க" என்றார் யாரோ
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்.

மூன்றாம் வாரம்
கடையிலிருந்து அரை லிட்டர் பால் வாங்கி வந்தேன்.
எதிரே வந்த பஞ்சவர்ணம்
அதையும் பிடுங்கிக்கொண்டாள்.
ஒரு பாரமும் இல்லாமல் நடந்தேன்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கணக்குத் தீர்க்க மில்லுக்குப் போன அன்று
உமிக் குவியலுக்குப் பின்னால் கூப்பிட்டார்
மேஸ்திரி அடைக்கலம்.
மழையைப் பற்றிப் பேசினார்.
நெல் விலையைப் பற்றிப் பேசினார்.
"அது... உனக்கு எந்தப் பக்கம் வந்தது?"
அவர் கைலி முடிச்சைப் பார்த்தேன்.
இடப்பக்கம்.

"இருமுங்க மேஸ்திரி" என்றேன்.