அகழி

முந்நூறு ரூபாய்க்குச்
சுண்டுவிரல் நுனியளவு கொடுத்தான் முனவ்வர்,
காட்பாடியில் மீன் கடை வைத்திருப்பவன்.
"ஜீனியா. பொழச்சிக்கிச்சுனா
அப்புறம் நீங்கதான் சார் பொழைக்கணும்."
சிரித்துக்கொண்டே சொன்னான்.
விற்கிறவன் வாயிலிருந்து வரும் எச்சரிக்கையை
விளம்பரமாகத்தான் கேட்கிறது காது.

கடலுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி
சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி.
பாலாற்றில் மணலே பாக்கியில்லாத ஊரில்
வாளி வாளியாக உப்புக் கரைத்து
மூன்றடிக் கடல் வளர்க்கிறேன்.
மே மாதம் அதற்கு மூன்று விசிறி,
எங்களுக்கு ஒன்று.

முதல் மாதம் கையை விரித்தது, மூடியது.
கைக்கு எட்டு விரல்.
இரவுப் பணி முடித்து வரும் சுகந்தி
சீருடையோடு எதிரே உட்கார்வாள்,
கடிகாரத்தை உள்மணிக்கட்டுக்குத் திருப்பி
ஒரு நிமிஷம் பார்த்து
"முப்பத்தெட்டு" என்பாள்.
அப்புறம்தான் காபி.

இரண்டாம் மாதம் பாறை தெரியவில்லை.
மூன்றாம் மாதம் கண்ணாடியில் ஏறியது.
பச்சைக் காளான் பவளம், பாவம்,
நெரிசல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும்
மடியில் நாலு பேர் பையைச் சுமப்பதுபோல்
சுருங்கிப்போய்க் கிடந்தது.
ஆற்றங்கரைச் சீமைக் கருவேலம் ஞாபகம் வந்தது.
பொக்லைன் போன தடத்திலேயே
மறுவாரம் துளிர்த்திருக்கும் அது.

வெட்டினேன்.
வெட்டிய துண்டுகள் மிதந்துபோய்
ஆளுக்கொரு மூலையில் தனிக்குடித்தனம் வைத்தன.
பிளேடால் சுரண்டினேன்.
நகக்கண் அளவு தோல் தங்கியது, அதிலிருந்து ஏழு.
பம்ப்பை நிறுத்தி,
சுண்ணாம்பைக் கூழாகக் குழைத்து, சிரிஞ்சில் ஏற்றி
ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன்.
நாளைக்கு நாலுதான்.
அதற்கு மேல் போனால் தண்ணீரே கெட்டு
கோமாளி மீனும் சேர்ந்து போகும்.
"சிரிஞ்சு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க"
என்றாள் சுகந்தி.
வேறொன்றும் சொல்லவில்லை.
காபிக்கு முன்னால் எண்ணுவது மட்டும் நின்றிருந்தது.

ஒரு ஞாயிறு கோட்டைக்குப் போனோம்.
அகழியில் பாசி, இரண்டு தண்ணீர் பாட்டில்,
ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.
வெளியாள் வராமலிருக்கத்தான் அகழி என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
தோற்ற அரசர்களின் குடும்பங்களை
உள்ளே அடைத்த நாளிலிருந்து
அதே தண்ணீர்
வேறு உத்தியோகம் பார்த்திருக்கிறது.

அன்றிரவே தொட்டி நடுவில் ஒற்றைப் பாறை.
சுற்றிலும் ஒரு சாண் வெறும் மணல்.
மணலில் அதற்குக் கால் ஊன்றாது.
மிச்சத்தை முனவ்வரிடம் கொண்டுபோனேன்,
பை பையாக.
பைக்கு இருபது ரூபாய் போட்டான்.
இந்த முறை சிரிக்கவில்லை,
அவன் தொட்டியும் அப்படித்தான் இருந்தது.

ஐந்து வாரம் கோட்டை நின்றது.
சுகந்தி மறுபடி கடிகாரத்தைத் திருப்பினாள்.
காளான் பவளம் மெல்ல விரிந்து
பழைய அகலத்துக்கு வந்தது.

பிறகு மாதாந்திர மின் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் ஐந்து.
பேட்டரியில் காற்று மட்டும் குமிழியிட்டது.
செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தபோது
பம்ப் குழாய்க்குப் பின்னால்,
யாரும் வைக்காத இடத்தில்,
ஒன்று.

எப்படித் தாண்டியது?
நத்தை இடறியிருக்கலாம்.
நானே கை கழுவாமல் விட்டிருக்கலாம்.
நீரோட்டம் இல்லாத தண்ணீரில்
மெதுவாக விரித்தது, மெதுவாக மூடியது.
உள்ளறையில் சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.
சுண்ணாம்பைக் குழைத்து எடுத்து வந்தேன்.
கைக்கடிகாரம் இல்லை,
செல்போனில் நிமிஷம் பார்த்தேன்.
பதினொன்று.
பன்னிரண்டு.

கரண்ட் வந்துவிட்டது.
விசிறிகள் சுற்றின, பம்ப் உறுமியது,
பம்ப் ஓடும்போது சுண்ணாம்பு வைக்கக் கூடாது,
கரைந்து எல்லார் மேலும் படும்,
அது விதி.

சுவிட்ச்
கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.