அரைப்பேர்

டொக்டர் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்.
தாதி தமிழில் தந்தது ஒரு வரி:
"அந்த மருந்து இனி வேல செய்யாதாம்."

எங்கள் மலையில்
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
ஆறு தரம் ஏறிய மருந்துக்கு
அரைப்பேராவது போடுங்கள் மிஸ் என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை, கண்டிப் பிள்ளை.
இவர் மட்டும் சிரித்தார்.
பிறகு கொரிடோர் முழுக்க
மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

கிளினிக் கொப்பியில் புது இலக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
முப்பத்தைந்துக்குக் கீழே நிற்க வேண்டியது.
இருபத்தொன்பது வருஷம்
தராசு முள்ளை ஏறு, ஏறு என்று
கண்ணாலே தள்ளியவள் நான்.
இதை மட்டும் இறங்கு என்கிறேன்.
முனியாண்டிக்கே குழம்பியிருக்கும்.

பிளாட்டினம் கலந்த மருந்து என்றார்கள்,
தங்கத்தை விட உசத்தி என்று.
அது நரம்பில் சொட்டிய நாட்களில்
என் தோடு
ஹட்டன் அடகுக் கடையில் இருந்தது,
வேன்காரனுக்குக் கொடுக்க.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தை மாதம் கடைசி ஊசி.
மாசியில் தலை முளைத்தது,
கவாத்து வெட்டிய செடி மாதிரி,
முதலில் சாம்பலாய், பிறகு சுருள் சுருளாய்.
பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள்
தடவித் தடவிப் பார்த்தன.
முடிக்கு முளைக்கச் சொன்ன அதே உடம்பு
உள்ளே அதற்கும் சொல்லியிருக்கிறது.
ஆனி பிறக்கும் முன்னே
வயிறு கல்லாய், பாவாடை நாடா எட்டாமல்.
ஊசி போட்டு எடுத்த தண்ணீர்
மூன்று போத்தல்.
தேயிலைச் சாயம் போல இருந்தது.
அதற்குப் பிறகு சாயத்தண்ணி குடிக்க
நாலு நாள் ஆனது.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணை றிஸ்மியா,
மூன்றாவது மருந்தில் இருக்கிறாள்.
"மொத மருந்து மாப்புள மாதிரி,
எல்லாத்தையும் சரியாக்கும்னு நம்பிப் போறது.
ரெண்டாவது அடுத்த வீட்டுக்காரி.
கூப்பிட்டா வருவா, வந்த மட்டும் லாபம்."
சொல்லிவிட்டுத் தன் நீல முக்காட்டை
என் பைக்குள் திணித்தாள்.
தேவைப்படும் புள்ள என்றாள்.

புது மருந்து கிழமைக்கு ஒன்று, புதன்கிழமைகளில்.
சுகப்படுத்த இல்லை, பிடித்து வைக்க.
மூன்று மாசம் பிடிக்கலாம்,
பிடிக்காமலும் போகலாம்.
வேணுமா, வேணாமா,
யோசிச்சிட்டு வாங்க என்றார் டொக்டர்.
இதைத் தமிழில் அவரே கேட்டார், தட்டுத்தடுமாறி.

வேணுமா என்று என்னை யார் கேட்டிருக்கிறார்கள்?
பதினாறு வயதில் கூடையை மாட்டிவிட்டார்கள்.
நாலாவது பிள்ளைக்குப் பிறகு
ஒரு தாளில் விரலை அழுத்தச் சொன்னார்கள்.
கேள்வியை மடியில் முடிந்துகொண்டு
பஸ் ஏறினேன்.
கினிகத்தேனை வளைவுகளில்
அது என்னோடு சேர்ந்து புரண்டது.
சின்னவள் கௌரிமலருக்கு
மார்கழியில் சோதனை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கிளைகளையெல்லாம் வெட்டி
மூச்சுக்கு ஒன்றை விடுவார்கள், கவாத்தில்.
எத்தனை செடி அந்த ஒன்றில் பிழைத்தது,
எத்தனை காய்ந்தது,
இரண்டையும் பார்த்தவள் நான்.
பார்த்தது உதவவில்லை.

இந்தப் புதன் போவேன்.
அடுத்த புதனைப் பற்றி
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இவரிடமும்.

வெளியே மழை, தகரம் பேச விடவில்லை.
இவர் கிழங்குக் கறி வைக்கிறார்.
போன வருஷம் படித்த சமையல்.
அப்போது எது தந்தாலும்
வாயில் இரும்புச் சுவை,
நல்லாருக்கு, நல்லாருக்கு என்று
பொய் சொல்லி விழுங்கினேன்.
அகப்பையை நீட்டுகிறார்.
நாக்கு திரும்பி வந்து ஐந்து மாசம்,
புதனோடு மறுபடி போய்விடும்.

உப்புக் கூட என்றேன்.
நெசமாவா என்று கேட்டு,
சந்தோஷமாய்த் தண்ணீர் ஊற்றினார்.