ஜி-க்குச் சற்று மேலே

மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது கிதார்.
ஆறு தந்தியும் சுருட்டி பிஸ்கட் டப்பாவில்.
வெந்தய நிறப் பலகையில் பதினொரு திருகு,
எட்டில் துரு.
கச்சான் அடிக்கிற மாதத்தில்
தங்கச்சிமடத்தில் துருப்பிடிக்காதது
வட்டிக்கணக்கு மட்டும்தான்.

கிளாரட், எக்கோ சவுண்டர் ரிப்பேர் பார்ப்பவன்.
கீழே நிற்பது மீனா பாறையா என்று
பெட்டிகளுக்குப் புத்தி சொல்கிறவன்.
அவனுக்கு இது சின்ன வேலை.
"மூணு பிக்கப்பைக் கழற்றணும், மூணை வைக்கணும்.
டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும், ஜெசிந்தா."

புதுசு மூன்றும் சென்னையிலிருந்து கூரியரில் வந்தவை.
ஒவ்வொன்றிலும் இரட்டைச் சுருள். இரையாது.
நண்டுக் கம்பெனியில் நான்கு மாத ஓவர்டைம்,
சோப்புக்குப் போகாத என் விரல் வாசனை
அந்த மூன்று பெட்டிக்குள் இருக்கிறது.

பழசு இரையும்.
டியூப்லைட் எரிந்தால் இரையும்,
ஐஸ் கம்பெனி மோட்டார் எடுத்தால் இரையும்.
போன திருவிழாவில் சாமியார் அப்பத்தை உயர்த்த
ஊரே மூச்சடக்கி மண்டியிட்டபோது
என் கிதார் மட்டும் ம்ம்ம்ம் என்றது.
அவர் பார்த்த பார்வை இன்னும் பிடரியில் இருக்கிறது.
வால்யூமைக் குறைக்க மறந்தது நான்தான்.
பழியைப் பிக்கப்பின் மேல் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் யாருக்கும் தெரியாது.
அந்த இரைச்சல் ஒரு சுரம்.
ஜி-க்குச் சற்று மேலே.
ட்யூனர் கெட்டுக் கிடந்த ஒன்றரை வருஷம்
அதைப் பிடித்துத்தான் சுருதி சேர்த்தேன்.
கீபோர்டோடு மயிரிழை ஒட்டாமல் போகும்.
ரெக்ஸனைத் திட்டுவேன்.

ஆனால் அந்தச் சத்தம்!
ஐஸ் பாளம் வெயிலில் விண்டு
உள்ளே ஒரு கோடு ஓடுமே,
நடு பிக்கப்பில் அது உண்டு.
தூத்துக்குடியில், கப்பலில் வாசித்தவர் சொன்னார்:
"ஒரு திருகுகூடத் திறந்ததில்லம்மா.
ஜப்பான்ல பூட்டினது, அப்படியே."
இரண்டாயிரம் கூடக் கொடுத்தேன்.
'அப்படியே' என்ற சொல்லுக்கு.

கிளாரட் பலகையைத் தூக்கினான்.
கூப்பிடவில்லை. விசிலடித்தான்.

முன்னதிலும் பின்னதிலும் ஈயம் கடுகளவு.
நடுவில் உள்ளதில் சுண்டைக்காய் அளவு.
ஒயர் வேறு நிறம்.
சுருளைச் சுற்றிப் பச்சை நைலான்,
வலைநூலேதான்,
அவசரமாய் ஒரு முடிச்சு.
எந்தத் துறைமுகத்திலோ எவனோ
அறுந்த சுருளைக் கையால் சுற்றிக் கட்டியிருக்கிறான்.

ஒன்பது வருஷமாய்
ஒரிஜினல் ஒரிஜினல் என்று நான் பீற்றிக்கொண்டது
இந்த ஒன்றைத்தான்.
மூன்று திருகில் மட்டும் துரு இல்லாததை
ஒன்பது வருஷமும் பார்த்திருக்கிறேன்.
பார்த்ததோடு சரி.

"ஏற்கெனவே கெட்டதுதானே, என்ன யோசனை?"
சால்டரிங் கம்பியை ஊதினான்.
நியாயம்தான்.
எனக்கு அந்த ஆளின் விரல்தான் ஓடியது.
ஏழாயிரம் சுற்று இருக்கும் என்கிறான் கிளாரட்.
எண்ணியிருப்பானா?
நடுவில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருந்தால்
விட்ட இடத்தை எங்கே வைத்துக்கொண்டான்?

டீ ஆறிவிட்டது.
ஆடை கட்டியதை விரலால் எடுத்துப் போட்டேன்.

"பின்னதை மட்டும் மாத்து."
"மத்த ரெண்டு?"
"இருக்கட்டும்."
"காசு போட்டு வாங்கிட்டு…"
"பின்னது கோயிலுக்கு. போதும்."

தந்தி ஏற்றினோம்.
பின்னதில் அடித்தேன்: கழுவிய தட்டு மாதிரிச் சுத்தம்.
சாமியாருக்குப் பிடிக்கும்.
ஸ்விட்சை நடுவில் தள்ளினேன்.
ம்ம்ம்ம்.
கிளாரட் எழுந்து டியூப்லைட்டை அணைக்கப் போனான்.
வேண்டாம் என்றேன்.

"நாளைக்கு விக்கும்போது என்னன்னு சொல்லுவே?"

பதில் சொல்லுமுன் எண்ணிப் பார்த்தேன்:
பலகையில் பத்துத் திருகுதான் இருந்தது.
இருவரும் குனிந்து
மேசைக்கடியில் தடவத் தொடங்கினோம்.